ஒன்றரை நிமிட இன்டர்வெல்

முதலில் வந்தது இருமல் இல்லை, இடது விலாவில் ஒரு குத்தல். கடலில் பத்துத் தடவை கைவீசினால் ஊசி ஏற்றியதுபோல் இருக்கும். மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு கடற்கரை விடுதியில் நான் உயிர்காப்பாளன். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துத் திரிந்தேன்.

செங்கல்பட்டில் எக்ஸ்ரே எடுத்து, ப்ளூரல் எஃப்யூஷன் (நுரையீரல் உறைக்குள் நீர் கோத்தல்) என்றார்கள். காரணம் காசநோய். முதுகில் ஊசி குத்தி எடுத்த நீர், பாட்டிலில் வடை சுட்ட எண்ணெய்போல நின்றது. சீ, இதை உள்ளே வைத்துக்கொண்டா நீந்தினேன் என்று குமட்டியது. பிறகு ஆறு மாதம் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பயப்படாதீர்கள், அது மருந்தின் சாயம். எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மருந்து முடிந்ததும் டாக்டரம்மா, "நீந்தலாம், ஆனா கொஞ்சம் கொஞ்சமா," என்றார். விடுதி மேலாளரோ கறாராகச் சொல்லிவிட்டார்: இருநூறு மீட்டரை நான்கு நிமிடத்தில் நீந்தினால்தான் பழைய வேலை.

கோச் வைத்துக்கொள்ள வசதியில்லை. போனில் கிடைத்த ஒரு பயிற்சி அட்டவணையோடு திருப்போரூர் பக்கம் ஒரு நீச்சல்குளத்துக்குப் போனேன். குளமா அது! பிய்ந்த பிளாஸ்திரி, முடிக்கொத்து, தலையெண்ணெய்ப் படலம். பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் காறித் தண்ணீரிலேயே துப்பினார். வாயை இறுக்கிக்கொண்டு நீந்தினேன்.

அட்டவணையில், 'ஐம்பது மீட்டர் எட்டு முறை, ஒன்றரை நிமிட இன்டர்வெல்' என்றிருந்தது. ஐம்பது நீந்துவேன். பிறகு ஒன்றரை நிமிடம் சுவரில் சாய்ந்து கிடப்பேன். ஒவ்வோர் ஐம்பதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. நாலு ஐம்பது இருநூறு, கணக்குப்படி நாலே நிமிடம்! தலைகால் புரியவில்லை எனக்கு. ஒரு மாதம் கழித்து இருநூறையும் ஒரே மூச்சாக நீந்திப் பார்த்தேன். ஐந்து நிமிடம் தாண்டியது. நுரையீரல் அழுகியே போய்விட்டது என்று படியில் உட்கார்ந்து அழுதேன். என் நெஞ்சைத் தொட எனக்கே அருவருப்பாக இருந்தது.

என் மனைவி நசீமா போனைப் பிடுங்கிப் படித்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்டர்வெல்னா இன்னான்னு நெனச்சிகினு கீறீங்க? சினிமா கொட்டாயில பப்ஸ் துன்றதா? கெளம்புனதுலேர்ந்து ஒன்ற நிமிசத்துல அடுத்தது கெளம்பணும். நீந்துனது போக மீதி கீதே, அதான் ரெஸ்ட்டு!"

நீந்த ஒரு நிமிடம் ஆனால், ஓய்வு முப்பதே நொடி. நோயிலிருந்து எழுந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, இரண்டு நிமிடக் கணக்கில் தொடங்குங்கள். நானும் அப்படித்தான் மறுபடி தொடங்கினேன். ஆறு வாரத்தில் ஒன்றரைக்கு இறங்கினேன். அந்த அழுக்குத் தண்ணீரைப் பலமுறை விழுங்கியும் தொலைத்தேன்.

தேர்வு நாளில் மேலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "பதினோரு செகண்டு லேட்டு, அண்ணாத்த. அடுத்த மாசம் வா."

எரிச்சலில் ஈரத் துண்டைத் தரையில் வீசினேன். நசீமாவுக்குப் போன் போட்டேன்.

"பதினோரு செகண்டுல போச்சு. த்தூ!"

"அது கெடக்குது. மூச்சு வுட முடிஞ்சிச்சா?"

குனிந்து துண்டை எடுத்தேன். நான்கு நிமிடம் பதினோரு நொடியும் அந்தக் கடிகாரத்தைத் திட்டிக்கொண்டே நீந்தியிருக்கிறேன். மூச்சைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை; விலாவில் குத்தலும் இல்லை.