பாடி கட்டியவர் யார்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றோ, ஐம்பத்து நான்கோ, ஐப்பசி மழை சமயம். எங்கள் பக்கமெல்லாம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் சேர்ந்திருந்தது. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ்.

எங்கள் ஆம்புலன்ஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்து ஏலத்தில் போன பட்டாள லாரி ஒன்றின் சேசிஸ், அதாவது அடிச்சட்டத்தின் மேல் யாரோ மரத்தில் பாடி கட்டியிருந்தார்கள். அடேயப்பா, என்ன வேலை! குண்டு குழியில் விழுந்தாலும் ஒரு பலகை கிறீச்சிடாது. கட்டியவர் பெயர் மட்டும் எங்கும் கிடையாது. ஏலத்தில் எடுத்தவர் ஒருவருக்குக் கைமாற்றி, அவர் இன்னொருவருக்குக் கைமாற்றி எங்களிடம் வந்த வண்டி. டிரைவர் அண்ணன் ஒருநாள் மெட்ராஸ் என்பார், மறுநாள் சீமை என்பார். எனக்கோ அந்தக் கையை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று ஆசை.

அன்று கொட்டாரம் ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. தலைப்பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே வர வேண்டும் என்று. போனோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆபரேஷன் செய்யாவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஸ்டிரெச்சரில் தூக்கி வண்டிக்குப் பின்னால் கொண்டு வந்தோம். குடையோடு கூடவே வந்த மாமியார் திறந்திருந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தார். பலகை ஓரத்தில் ஓடிய கொடி வேலைப்பாட்டை விரலால் தடவிக்கொண்டே போனவர், சட்டென்று நின்று அலறினார்.

"எனக்க மருமவள இதுல ஏத்த விடமாட்டேன்! இது சவப்பெட்டிக்காரன் செஞ்ச வண்டி!"

கூட்டம் ஓரடி பின்னால் போயிற்று. டிரைவர் அண்ணன் பதறிப்போய், "யம்மா, இது மெட்ராஸ்ல கட்டுன வண்டியாக்கும்" என்றார்.

"எந்த மெட்ராஸ்ல? போன வருசம் எனக்குத் தாலி கெட்டுன மாப்பிளைய அடக்கம் பண்ணுன பெட்டியில இதே கொடிதான். ஒரு எலை மட்டும் மடங்கி இருக்கும். விடியுற வர அந்தப் பெட்டியப் பிடிச்சிட்டு இருந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

நானும் பார்த்தேன். கொடியின் மூலையில் ஓர் இலை உண்மையாகவே மடங்கித்தான் இருந்தது. தினமும் துடைக்கிறேன், என் கண்ணில் பட்டதே இல்லை. இத்தனை நாள் நான் தேடிய ஆளை அந்த அம்மா ஒரு தடவலில் கண்டுபிடித்துவிட்டார். சந்தோஷப்படவா முடியும்? ஸ்டிரெச்சரில் கிடந்த பெண், "மாமி, வலிக்கு மாமி" என்று முனகினாள். நான் கெஞ்சினேன், அதட்டினேன். பயப்படாதீர்கள் என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். அவர் வண்டிக் கதவை விட்டு நகரவில்லை.

மருமகளின் முகத்தை ஒருமுறை பார்த்தார். என்ன நினைத்தாரோ, குடையை வீசிவிட்டுத் தானே வண்டிக்குள் ஏறினார். வெறும் பலகையில் கையைக் காலை நீட்டி மல்லாந்து படுத்தார்.

"ஏலே, கதவ அடைடே" என்றார் டிரைவரிடம்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், அடைத்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ தடவும் ஓசை, பிறகு கிளிக் என்று ஒரு சத்தம். கதவு உள்ளிருந்தே திறந்தது. கண் நிறைய நீரோடு அந்த அம்மா நின்றார்.

"செஞ்சது அவன்தான், சந்தேகமே இல்ல. ஆனா இதுல உள்ளயிருந்து தொறக்கப் பிடி வச்சிருக்கான். எனக்க மாப்பிளைக்க பெட்டியில அது இல்ல. இது திரும்பி வாறதுக்குச் செஞ்சது. பாத்துட்டு நிக்காதீங்க, மருமவளத் தூக்குங்க!"

ஆபரேஷன் நடந்தது. ஆண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

பாடி கட்டியவரை அந்த அம்மாவிடமே விசாரித்துப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவருடைய சவப்பெட்டிப் பட்டறை! பெயர் ஏன் போடவில்லை என்றதற்கு, "போட்டா எவன் ஏறுவான்?" என்று சிரித்தார். நியாயம்தான் என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டோம். ஆனால் அந்த அம்மா மூடவில்லை. சவப்பெட்டிக்காரன் செஞ்ச வண்டியிலதான் எனக்க பேரன் பிழைச்சான் என்று சந்தை, கோயில் எல்லா இடத்திலும் சொல்லித் திரிந்தார். அந்தப் பக்கத்தில் அதற்கப்புறம் வண்டியில் ஏற யாரும் முரண்டு பிடிக்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை எத்தனையோ பேரிடம் பயப்படாதீர்கள் என்று வாயால் சொல்லியிருக்கிறேன். பயத்தில் நடுங்கிக்கொண்டே மருமகளுக்காகத் தான் முதலில் உள்ளே போய்ப் படுத்துப் பார்த்த அந்த அம்மாவுக்கு முன்னால், நான் சொன்னதெல்லாம் வெறும் பேச்சு என்றே இன்றும் தோன்றுகிறது.