ஃபோர்மேன் மனைவி நின்ற இடம்

ஒரு மனிதருடைய இதயத்தைச் சரியாகச் சோதிக்காமல், அது நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடிதத்தில் 'நிற்காமல்' என்று ஒரு சொல் இருந்தது. நோயாளி அதைச் சொல்லவில்லை, அவர் மனைவியும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன். இப்போது பல விஷயங்கள் மறந்துபோகின்றன. ஆனால் அதை எழுதிய மேசையும், மேசைக்கு எதிரே இருந்த ஒற்றை நாற்காலியும், நாற்காலிக்குப் பின்னால் எடை பார்க்கும் கருவிக்கும் சுவருக்கும் நடுவே அந்த அம்மா நின்றுகொண்டிருந்த இரண்டடி இடமும் மறக்கவில்லை.

அந்த நோயாளி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். சூளகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். இருபது வருடமாகச் சர்க்கரை நோய், அதனால் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரம் மூன்று நாள் எங்கள் மருத்துவமனையில் டயாலிசிஸ். "இது எனக்கு ஃபோர்த் ஷிப்டு சார். மத்த மூணு ஷிப்டுலயும் டீயாவது குடுப்பான்" என்று சிரிப்பார். டயாலிசிஸ் நோயாளி தண்ணீரையும் அளந்து குடிக்க வேண்டும். அதைக் கேலியாக்கிக்கொள்ளத் தெரிந்த மனிதர் என்பதால் நர்சுகளுக்கும் எனக்கும் அவரைப் பிடிக்கும். மனைவி தன் சிறுநீரகத்தைத் தர முன்வந்தார். எல்லாம் பொருந்தியது. பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்த மருத்துவர் என்னுடன் படித்தவர். "இவருடைய இதயம் இந்த அறுவை சிகிச்சையைத் தாங்குமா? மேற்கொண்டு பரிசோதனை வேண்டுமா? உன் கருத்தை எழுது" என்று கேட்டிருந்தார்.

சர்க்கரை நோய் நெடுநாள் நீடித்தால் நரம்புகள் மரத்துப்போகும். காலில் முள் குத்தினால் தெரியாமல் போவதைப் போல, இதயத்தின் ரத்தக் குழாயில் அடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காமல் இருக்கலாம். வலி வர வேண்டிய இடத்தில் மூச்சு வாங்கும், அசதி வரும், வழியில் உட்காரத் தோன்றும். படுத்த நிலையில் எடுக்கும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் நன்றாகவே இருக்கும். இதையெல்லாம் நான் படித்திருந்தேன், மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஓசூரில் நாற்பது வருடம் வைத்தியம் பார்த்ததில் எனக்கென்று ஒரு குறுக்குவழி உண்டாகியிருந்தது. எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னாலும், "மலைக்கோயிலுக்குப் படியேறிப் போறீங்களா?" என்று கேட்பேன். ஏறுகிறவரை டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைச் சோதிக்க வேண்டாம் என்பது என் கணக்கு. அந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்றும் அதையே கேட்டேன். "ஏறுவேன் சார். போன அமாவாசைக்குக்கூடப் போனோம்" என்றார். பின்னால் நின்ற அவர் மனைவி, அவர் காதோரம் குனிந்து தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. எனக்கும் தெலுங்கு நன்றாகத் தெரியும். எல்லையோர ஊரில் அது தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. "நாலு இடத்தில் உட்கார்ந்ததைச் சொல்லு" என்பதுதான் அவர் சொன்னது. ஃபோர்மேன் கையை லேசாக அசைத்து அவரை அடக்கிவிட்டு, "ஓடுற மெஷினை எவனாவது தொறந்து பாப்பானா சார்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மா மறுபடி வாயெடுத்தபோது, "நீங்க இருங்கம்மா, அவர் சொல்லட்டும்" என்றேன். இதயப் பரிசோதனை என்று ஆரம்பித்தால் கொடுத்த நாள் தள்ளிப்போகும்; வெளியே வேறு வரிசை நின்றது. காதில் விழுந்ததை விழாததாக்கிக்கொண்டு, 'கோயில் மலைப் படிகளை நிற்காமல் ஏறுகிறார். மேற்கொண்டு இதயப் பரிசோதனை தேவையில்லை' என்று எழுதினேன்.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. அந்த அம்மாவின் சிறுநீரகம் அவர் உடம்பில் முதல் நாளிலேயே வேலை செய்யத் தொடங்கியது. மூன்றாம் நாள் அவருக்கு வியர்த்தது, மூச்சு முட்டியது. வலி இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையசைத்தாராம். இதயத்தின் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு. நான்காம் நாள் இறந்துபோனார். அதே மருத்துவமனையில் இன்னொரு மாடியில், தையல் போட்ட இடுப்போடு படுத்திருந்த மனைவியிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்று என் நண்பர் தொலைபேசியில் சொன்னார். என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இது இரண்டாவது தவறு.

ஏழு மாதம் அப்படியே போனது. பிறகு நண்பருக்கும் எங்கள் மருத்துவமனை நிர்வாகத்துக்கும், நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை சூளகிரிக்குப் பஸ் ஏறினேன். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாக எழும்பிய ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சுவரை ஒட்டி அவர்களுடைய கொத்தமல்லித் தோட்டம். அந்த அம்மா நீர் வற்றிய கிணற்றை ஒட்டிய வரப்பில் உட்கார்ந்து சந்தைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் போனார். வேண்டாம் என்று நானும் எதிரே மண்ணில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு நீங்க தெலுங்குல சொன்னது எனக்குக் கேட்டுச்சும்மா" என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. ஒரு கட்டை முடித்து ஓரமாக வைத்தார். "தெரியும் சார். சொன்னப்ப உங்க கண்ணு ஒருக்கா எம்பக்கம் வந்துட்டுப் போச்சு."

அடுத்த கட்டுக்குக் கொத்தமல்லியை அள்ளினார். அவரே தொடர்ந்தார். "அவுரும்தான் சொல்லல. தேதி போயிடும்னு பயந்தாரு. நானும் இன்னொருக்கா சொல்லாம வாய மூடிக்கினேன், பெரிய டாக்டராச்சேன்னு. நாங்க பயந்தோம். உங்களுக்கு என்னாங்க பயம்?"

"பயமில்லம்மா. அவசரம். அப்புறம், எனக்குத் தெரியாதது இல்லைங்கற நெனப்பு."

"மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வரல சார். என்னோட ஒண்ணு அவுரோடவே எரிஞ்சி போச்சி. ஆனா இங்க வந்து குந்திக்கினு அழுதா அந்தக் கெணத்துல தண்ணி ஊறுமா? போங்க. அடுத்து ஒருத்தி வந்து நிப்பா. அவளையாவது பேச உடுங்க."

போனேன். ஓய்வு பெறும் வயது எப்போதோ தாண்டியிருந்தும், வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் பிரிவில் உட்கார அனுமதி கேட்டு வாங்கினேன். முதல் வேலையாக, எடை பார்க்கும் கருவியை வராந்தாவுக்கு நகர்த்திவிட்டு அந்த இரண்டடி இடத்தில் ஒரு நாற்காலி போட்டேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் போகிற சர்க்கரை நோயாளி யாராக இருந்தாலும், உடன் வந்தவரிடம்தான் முதல் கேள்வி. பிறகு நோயாளியோடு நானே வராந்தாவில் நடக்கிறேன். மூச்சு வாங்கி எங்கே பேச்சு குறைகிறது என்று பார்க்கிறேன். கால் புண்ணால் நடக்க முடியாதவர்களை, மருந்து ஏற்றி இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்புகிறேன். சந்தேகம் தீரவில்லை என்றால் ஆஞ்சியோகிராம். "கிட்னிக்கு வந்தா ஆர்ட்டுக்குத் தள்ளி வுடறாரு, பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் மாதிரி" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். உண்மையில் இதற்கும் ஒரு விலை உண்டு. பரிசோதனைக்காகக் காத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியர், இதயத்தில் குறை ஒன்றும் இல்லை என்று முடிவு வந்த வாரத்தில், கிருமித் தொற்றால் டயாலிசிஸிலேயே இறந்தார். அவர் மகன் என்னைத் திட்டியதைக் கேட்டுக்கொண்டேன். எல்லோரையும் எல்லாச் சோதனைக்கும் அனுப்புவது என் பழைய தவறுக்கு மருந்தாகாது என்று அன்று புரிந்தது. யாருக்கு எது வேண்டும் என்று பார்ப்பதுதான் வேலை. அதற்குக் கேட்க வேண்டும், கேட்டதை எழுத வேண்டும். கேட்பதையும் எழுதுவதையும் மட்டும் விடவில்லை.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, அறை வாசலில் கொத்தமல்லி வாசனை. ஃபோர்மேனின் மனைவி. தன் கணவரோடு வேலை பார்த்த கிரேன் ஆபரேட்டரையும் அவர் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். சர்க்கரை நோய், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஏற்பாடு. எல்லாம் அதே கதை. கிரேன் ஆபரேட்டர் உட்கார்ந்ததும், "நெஞ்சு வலியெல்லாம் சுத்தமா இல்லீங்க சார்" என்று தானாகவே ஆரம்பித்தார். அவர் மனைவி கதவோரம் ஒதுங்கி நின்றார். ஃபோர்மேனின் மனைவி அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக் கொண்டுவந்து இரண்டாவது நாற்காலியில் உட்காரவைத்தார்.

"சொல்லுடி. இப்ப இவுரு கேப்பாரு."

"உங்களுக்கும் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்றேம்மா" என்றேன்.

"நா இங்கியே நிக்கிறேன் சார். நீங்க எழுதுங்க."

அந்தப் பெண் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "மாடிப்படி ஏறச்சொல்ல பாதியில நிக்கிறாருங்க. கேட்டா, செருப்பு வாரு அவுந்துடுச்சின்னு குனிவாரு. இவுரு போடறது வாரில்லாத செருப்புங்க."

கிரேன் ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பேனாவை எடுத்து, பெங்களூருக்குப் போக வேண்டிய கடிதத்தில் முதல் வரியை எழுதினேன்: 'மனைவி சொல்கிறார்: படியேறும்போது பாதியில் நிற்கிறார்.'