வாளியில் இரண்டு வாரம்

எனக்கு எழுபது வயது. ஐந்து பெண் பிள்ளைகளை வளர்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியின் பிணப் பரிசோதனைக் கூடத்தில் போன வருடம் வரை அட்டெண்டன் வேலை பார்த்தேன். அங்கே மூளைக்கு நூல் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

எடுத்த மூளை தயிர் மாதிரி இருக்கும். அப்படியே வாளிக்குள் வைத்தால் நசுங்கிவிடும். அதனால் அதன் அடியில் ஓடும் ரத்தக் குழாயில் நூலைக் கோத்து, வாளியிலுள்ள ஃபார்மலின் மருந்தில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். இரண்டு வாரத்தில் இறுகிவிடும். பிறகுதான் வெட்டலாம்.

"அக்கா, நீங்க கட்டினா மட்டும் ஒரு மடிப்புகூட நசுங்க மாட்டேங்குதே!" என்பார் டாக்டர் சாந்தி.

"அஞ்சு பேருக்குச் சடை பின்னின கைதான்லா, டாக்டர்."

ஒருமுறை சிம்பாங் அம்பாட்டில் தீப்பிடித்த வீட்டிலிருந்து ஒரு வயதான அம்மாவின் உடல் வந்தது. அந்த அம்மாவுக்கு மறதி நோய். தெருவில் இறங்கி நடந்துவிடுவாராம். அதனால் மகன் குமரன் கிரில் கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போயிருந்தான். தீப்பிடித்தபோது அம்மாவுக்கு உயிர் இருந்ததா? அவனுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

உடல் மிகவும் கருகியிருந்தது. மூச்சில் இழுத்த புகைக்கரி தொண்டையில் தெளிவாகத் தெரியவில்லை. ரத்தமும் சரியாகக் கிடைக்கவில்லை. "மூளையையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்," என்றார் டாக்டர். மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, மருந்து போடுவார்கள். உயிரோடு புகையில் தவித்த மூளை என்றால் சில இடங்களில் பழுப்பு நிறம் ஏறும்.

உடலை வாங்க வந்த குமரன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அம்மா கிரில்லப் பிடிச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டிருப்பாங்களா?"

பெற்ற மனசு பொறுக்கவில்லை. "இல்ல தம்பி. நெருப்புக்கு முன்னாடியே போயிட்டாங்க," என்றேன். அந்த மூளையை அப்போதுதான் வாளியில் இறக்கிவிட்டு வந்திருந்தேன்.

மூன்றாவது வாரம் கண்ணாடியில் பழுப்பு தெரிந்தது. டாக்டர் மற்றச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தார். தீப்பிடித்தபோது உயிர் இருந்திருக்கிறது.

"முன்னாடியே போயிட்டாங்கன்னு அவர்கிட்ட யாரு அக்கா சொன்னது? போன்ல அதையே சொல்றாரு."

"நான்தான், டாக்டர்."

அவர் திட்டவில்லை. "நாளைக்கு வராரு. நான் சொல்றப்போ நீங்களும் பக்கத்துல உட்காரணும்."

உட்கார்ந்தேன். புகைதான் முதலில் மயக்கியிருக்கும், கூப்பிட்டாரா என்று எந்தச் சோதனையும் சொல்லாது என்று டாக்டர் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார்.

"தெரியாமலே சொல்லிட்டேன், தம்பி. மன்னிச்சிடு," என்றேன்.

குமரன் என் பக்கம் திரும்பிச் சொன்னான்: "நீங்க சொன்னத நம்பித்தான் அக்கா, அம்மாவுக்குக் கொள்ளி வச்சேன். இல்லன்னா இன்னொரு தடவ அவங்ககிட்ட நெருப்பக் கொண்டு போயிருப்பேனா?"

அவன் என்னைத் திட்டினானா, நன்றி சொன்னானா, இன்னும் தெரியவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "டாக்டர் சொல்லுவாங்க, அதுவரைக்கும் இப்படி உட்காருங்க," என்று டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் இருப்பேன். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

பேத்தி கவிதா, இதை ஒரு தரம் வாசித்துக் காட்டும்மா. எழுத்துப் பிழை இருந்தால் திருத்து. ஆச்சி சொன்ன பொய்யை மட்டும் நல்லதாக மாற்றிவிடாதே.