லிஃப்ட்காரரின் மின்சாரக் கார்

அவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பார். இருபத்து நாலு வருஷமாக ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் முப்பது கட்டடங்கள் அவர் பொறுப்பு. எந்த லிஃப்ட் எந்த மாடியில் முனகும், எதன் கதவு மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் உடனே அவருக்குப் போன் வரும். வெளியிலிருந்து கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி அவர் பையில்தான் இருக்கும். கட்டடக் காவலாளிகளிடம் அதைக் கொடுப்பதில்லை. பழக்கமில்லாதவர் கை வைத்தால் ஆள் குழிக்குள் விழக்கூடும்.

போய்ச் சேர்ந்ததும் அவர் முதலில் கதவோரம் வாயை வைத்து உள்ளே இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசுவார். அப்புறம்தான் ஸ்பேனரை எடுப்பார்.

"மாட்டிக்கிட்டவங்களுக்கு முதல்ல ஒரு மனுஷக் குரல்தான் வேணும். மெக்கானிக் ரெண்டாவது" என்பார் மனைவியிடம்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வலிக்காமல் ஊசி குத்துவாள். பேச்சில் மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

சீனத்து மின்சாரக் கார்கள் அந்த ஊருக்கு வந்த புதிதில் தெருவுக்கு ஒன்று என்று தென்பட்டன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்கு ஒன்று என்றாகிவிட்டது. வாயில் நுழையாத பெயர்கள், வாரத்துக்கு ஒரு புது ஷோரூம், வாசலில் பலூன். லிஃப்ட்காரர் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படம் போட்டுக் காட்டினார்.

"இங்க பாரு. ஒரு மோட்டார், ஒரு கன்ட்ரோலர், ஒரு பிரேக், நாலு கதவு. லிஃப்டைப் படுக்கப் போட்டா அதுதான் இந்தக் கார். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நானே கையை வச்சுருவேன்."

"உங்க லிஃப்ட் வாரத்துக்கு ரெண்டு தடவை நிக்குதே, அதுவும் சேர்த்துப் படுக்கப் போட்டுருக்காங்களான்னு கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

இருந்தாலும் வாங்கினார்கள். சாம்பல் நிறம், அகலமான பின்பெட்டி. அவருடைய கருவிப் பை, வடக்கயிறு, ஏணி எல்லாம் அதில் கச்சிதமாக உட்கார்ந்தன. சத்தமில்லாமல் ஓடியது. நெரிசலில் அரை மணி நின்றாலும் கால் வலிக்காது. சீட் பெல்ட் போடாவிட்டால், கண்ணைத் திருப்பினால், கொட்டாவி விட்டால்கூட உள்ளிருந்து ஒரு பெண் குரல் கண்டிக்கும். அதற்கு மனைவி நாத்தனார் என்று பெயர் வைத்தாள். "நாத்தனார் சொல்லிட்டாங்க, கையை ஸ்டீயரிங்ல வைங்க" என்பாள். இரண்டு வருஷம் அப்படி நன்றாகவே ஓடியது. ஒரு ஸ்குரூவைக்கூட அவர் தொட வேண்டியிருக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

போனே அதற்குச் சாவி. பக்கத்தில் போனால் தானாகத் திறக்கும். ஷோரூமில் கொடுத்த சாவி அட்டையும், அவசரத்துக்கென்று கொடுத்த சின்ன இரும்புச் சாவியும் பிரிக்காத உறையோடு காரில் முன் இருக்கைக்கு எதிரே இருக்கும் முன்பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

அந்தச் சம்பவத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் திரையில், புதிய மென்பொருள் வந்திருக்கிறது, ஏற்றலாமா என்று கேட்டது. ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சரி என்று அமுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்குப் போன். கிளினிக்குகள் இருக்கும் ஏழு மாடிக் கட்டடத்தின் காவலாளி.

"சார், ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நின்னுடுச்சு. பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு உள்ள மாட்டிக்கிட்டாங்க. தனியா இருக்காங்க."

"போனைக் கதவோரம் வைப்பா."

உள்ளேயிருந்து மெல்லிய குரலில் "ஹலோ" என்று கேட்டது.

"பயப்படாதீங்கம்மா. கயிறு அறுந்து விழாது, காத்தும் வரும். நான் கிளம்பிட்டேன். பத்தே நிமிஷம்" என்றார். நிஜமாகவே படியிறங்கிக்கொண்டுதான் சொன்னார். அந்தக் கட்டடம் காரில் பத்து நிமிஷத் தூரம்தான்.

கீழ்த்தளத்தில் கார் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கைப்பிடிகள் கதவோடு கதவாகப் பதுங்கிக் கிடந்தன. கண்ணாடி வழியே பார்த்தால் திரையில் ஒரு வளையம், அதன் நடுவே எழுபத்தொன்று என்ற எண். போனைத் தட்டினார். சர்வருடன் இணைய முடியவில்லை என்று வந்தது. கருவிப் பை பின்பெட்டிக்குள் இருந்தது. முக்கோணச் சாவி அந்தப் பைக்குள்.

உதவி எண்ணுக்குப் போட்டார். பாட்டு ஓடியது. அவர் பொறுமைக்கு நன்றி சொன்னார்கள். மறுபடி பாட்டு. கடைசியில் ஓர் ஆள் கிடைத்து, முன்கண்ணாடிக்குக் கீழே பொறித்திருக்கும் நீளமான எண்ணைக் கேட்டான். டார்ச் அடித்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

"சார், உங்க வண்டி அப்டேட் ஆகிட்டிருக்கு. முடியற வரைக்கும் தயவுசெஞ்சு அணைச்சுடாதீங்க."

"தம்பி, என்னால உள்ளயே போக முடியல. நான் எப்படிப்பா அணைக்கிறது?"

"புரியுது சார். லைன்ல இருங்க."

லைனில் இருந்தார். ஆபீசுக்குச் சொல்லியிருக்கலாம், வேறு மெக்கானிக்கை அனுப்பியிருப்பார்கள். கண்ணாடியை உடைத்திருக்கலாம். இரண்டும் அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. எழுபத்தொன்று எந்நேரமும் எழுபத்திரண்டு ஆகிவிடும் போலிருந்தது. இதோ திறந்துவிடும், இதோ திறந்துவிடும் என்று காதில் போனோடு நின்றார். ஒரு தடவை கல்லொன்றைக் கையில் எடுத்தார். கீறல் படாத கண்ணாடி. கீழே வைத்துவிட்டார்.

எட்டேகாலுக்கு மாடிவீட்டு டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்தார். அந்தக் கீழ்த்தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறுத்த முடியும். டீச்சருடைய கார் சுவரோரம், முன்னால் வழியை மறித்துக்கொண்டு இவருடையது.

"என்ன சார், எடுக்கலையா?"

விஷயத்தைச் சொன்னார்.

"லிஃப்டுக்குள்ள ஒரு பொண்ணு இருக்காளா? எவ்வளவு நேரமா?"

"அரை மணி."

டீச்சர் கைப்பையைத் தரையில் வைத்தார். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையை இறக்கினார். "தள்ளிக்குங்க" என்று சொன்னாரோ இல்லையோ, பின்கதவுக் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. லிஃப்ட்காரர் உள்ளே கையை விட்டார், தலையை விட்டார், பின் இருக்கையை மடக்கி ஊர்ந்துபோய்ப் பையை இழுத்தார். முழங்கையில் ரத்தம். முன்பெட்டியும் மின்சாரத்தில்தான் திறக்குமாம். அட்டையும் சாவியும் கிடைக்கவில்லை. டீச்சர் காரையும் வெளியே எடுக்க வழியில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடினார்.

கிடைத்த டாக்ஸியும் சீனத்து மின்சாரக் கார்தான். பள்ளி நேரத்து நெரிசல். ஓட்டுநர் வழியெல்லாம் அதன் புகழ் பாடிக்கொண்டு வந்தார்.

"சத்தமே இல்ல பாருங்க சார். இனிமே எல்லாம் இதுதான்."

"ஆமா" என்றார் லிஃப்ட்காரர்.

போய்ச் சேர்ந்தபோது ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம். காவலாளி வேறு யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. "நீங்க பத்து நிமிஷம்னு சொன்னீங்களே சார், அதான்" என்றான். கதவோரம் வாயை வைத்து "அம்மா, வந்துட்டேன்" என்றார். பதில் இல்லை. மூன்றே நிமிஷத்தில் திறந்துவிட்டார். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசுப் பெண். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப்போய், சட்டை வியர்வையில் ஊறி. கையைக் கொடுத்தார். பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அழவில்லை, திட்டவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி வைத்தாள், பின்பு மறுபடி போட்டுக்கொண்டாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது.

அறிக்கையில் தாமதத்துக்குக் காரணம் 'வாகனக் கோளாறு' என்று எழுதினார். மேலாளர் படித்துவிட்டு, "இது யாருக்கு வேணா நடக்கும், விடுங்க" என்றார். விடுவது அவருக்குத்தான் வரவில்லை.

அடுத்த வாரம் மாதாந்திரப் பராமரிப்புக்காக அதே கட்டடத்துக்குப் போனபோது அந்தப் பெண் எதிரே வந்தாள்.

"மன்னிச்சுடும்மா. அன்னிக்கு என் கார்..."

"சொன்னாங்க சார். பரவாயில்ல." அப்புறம் சொன்னாள்: "நீங்க பத்து நிமிஷம்னு சொன்னீங்கல்ல? நான் அறுநூறு வரைக்கும் எண்ணினேன் சார். அறுநூறு வரைக்கும் எனக்குப் பயமே இல்ல."

குறை சொல்கிற குரல் இல்லை அது. மணி என்ன என்று கேட்டால் சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு, திறந்திருந்த லிஃப்டைத் தாண்டி நாலாவது மாடிக்குப் படியேறிப் போனாள். கிரீஸ் டப்பாவைக் கையில் பிடித்தபடி காலடிச் சத்தம் ஓயும் வரை அவர் அங்கேயே நின்றார்.

கார் விஷயம் அதற்குள் இடியாப்பச் சிக்கலாகியிருந்தது. ஷோரூமைத் தேடிப் போனால் அங்கே மெத்தைக்கடை. கார் விற்ற ஏஜென்ட் கடையைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு மாதமாம். கடைப்பெண் பாவம், அலுத்துக்கொள்ளாமல் சொன்னாள்: "தினமும் ரெண்டு மூணு பேர் இப்படி வர்றாங்க சார். உக்காருங்க." உட்கார இருந்தது மெத்தைதான். உட்கார்ந்ததும் அரையடி உள்ளே போனார். எழுந்திருக்க அவளே கை கொடுக்க வேண்டியிருந்தது.

இவர் கார் மாதிரியே வைத்திருந்தவர்கள் போனில் ஒரு குழு நடத்தினார்கள். ஒரே மென்பொருள், ஒரே வளையம். ஒருவருக்கு ஐம்பத்தெட்டில், ஒருவருக்குத் தொண்ணூறில் நின்றிருந்தது. தொண்ணூறில் நின்றவரைப் பார்த்து மற்றவர்களுக்குப் பொறாமை. அவர்கள் சொன்ன வைத்தியமெல்லாம் செய்து பார்த்தார். சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினார். மீட்டரை வைத்து ஒவ்வொரு இணைப்பாக அளந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கீழ்த்தளத்திலேயே படுத்துக் கிடந்தார். மனைவி காபியோடு இறங்கி வந்தாள்.

"என்னங்க போச்சு அதுல?"

"ஒண்ணும் போகல" என்றார் காருக்கு அடியிலிருந்தே. "வயர் நல்லா இருக்கு. பேட்டரி நல்லா இருக்கு. மோட்டார் நல்லா இருக்கு. ஏதாவது போயிருந்தா நான் மாத்திருவேனே. எங்கயோ ஒருத்தன் சரின்னு சொல்லணும். அவன் யாருன்னே தெரியல."

மனைவி காபியை அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

பூட்டிய சக்கரம் உருளாது. இழுவை வண்டி கீழ்த்தளத்துக்குள் நுழையாது, கூரை தாழ்வு. டீச்சர் ஒன்பது நாள் பஸ்ஸில் போனார், ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. எதிரே பார்க்கும்போதெல்லாம் லிஃப்ட்காரர்தான் கூனிக் குறுகினார். பத்தாம் நாள் நாலு சக்கரத்துக்கும் அடியில் உருளைப் பலகை கொடுத்து, குடியிருப்பில் இருந்த பதினோரு பேர் சேர்ந்து தள்ளினார்கள். சரிவில் ஏறும்போது ஆளாளுக்கு ஒரு யோசனை. "லெஃப்ட்ல ஒடி!" என்று கத்தினார் ஒருவர். ஒடிக்க ஸ்டீயரிங் அசைந்தால்தானே.

சர்வீஸை ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன ஒரு புதுக் கம்பெனி காரை ஊருக்கு வெளியே தன் கிடங்குக்கு எடுத்துப் போனது. சேர்ந்த முதல் வாரம் இவர் போய்ப் பார்த்தார். கம்பிவேலிக்குள் முப்பது நாற்பது கார்கள், எல்லாம் ஒரே ஜாடை, கண்ணாடியில் காகிதம் ஒட்டி வரிசையாக நின்றன.

"எப்ப கிடைக்கும்?" என்று கிடங்குக்காரரைக் கேட்டார்.

"சீனாவுலேர்ந்து ஆள் வரணும் சார்."

"எப்ப வருவாங்க?"

"அது அங்கதான் தெரியும்."

தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா வாளியில் தண்ணீரும் துணியுமாகத் தன் வெள்ளைக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்து வாரமாக ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாராம். ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்க வருவதுபோல இருந்தது அது. லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிங்க, பரவாயில்ல. எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு" என்றார் அந்த அம்மா. "அப்புறம் வீட்ல உக்காந்திருக்க முடியல."

அடுத்த ஞாயிறு இவரும் போனார். அதற்கடுத்த ஞாயிறும். உடைந்த கண்ணாடிக்கு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் காற்றில் கிழிந்திருந்தது, புதுசு ஒட்டினார். வேலைக்கு இப்போது பஸ்ஸிலும் டாக்ஸியிலும் போகிறார். யாராவது மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தால் முதலில் ஆபீசுக்குச் சொல்லிவிடுகிறார். எத்தனை நிமிஷம் என்று கேட்டால், "வந்துட்டே இருக்கேன்" என்று மட்டும் சொல்கிறார்.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிறு, கிடங்கில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது மனைவியின் தம்பி போன் செய்தான்.

"அத்தான், புதுசா ஒரு எலக்ட்ரிக் கார் வந்திருக்கு. இது வேற கம்பெனி, சீனாவுல ரொம்பப் பெரிய ஆளுங்களாம். ஷோரூம்லதான் நிக்கிறேன். நீங்க ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கீங்க. எப்படி, நல்லா இருக்குமா?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். வாங்காதே என்று சொல்லத்தான் திறந்தார். அந்த இரண்டு வருஷமும் கண்முன் வந்தது: காலையில் காலி ரோட்டில் காற்றைப்போல அது போன போக்கு, பக்கத்து இருக்கையில் மனைவி அடித்த கிண்டல். அவர் வாழ்க்கையில் ஓட்டியதிலேயே நல்ல கார் அதுதான். பொய் சொல்ல வரவில்லை.

"ஓட்டுறதுக்கு நல்லா இருக்கும், மச்சான்" என்றார்.

"அப்போ புக் பண்ணிடவா?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு நகரத்தை நோக்கிப் போனது. அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார். "என்ன கலர் பாத்திருக்கே?" என்று கேட்டார்.