ஹாரன் அக்கா வாங்கிய ராம்

நகரப் பேருந்து ஓட்டும் அந்த அம்மாளை டிப்போவில் எல்லோரும் ‘ஹாரன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாரன் அடிப்பதற்காக அல்ல. அவர் சிரித்தால் டிப்போவின் தகரக் கூரையே அதிரும். பல வருடமாக ஒரே தடத்தில் வண்டி ஓட்டியவருக்கு, ஐம்பதை நெருங்கும்போது ஓர் ஆசை வந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டில் விமானம் ஓட்ட வேண்டும். அதற்கான கம்ப்யூட்டரையும் பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே பூட்ட வேண்டும்.

“நாள் பூரா ஸ்டியரிங் புடிச்சது போதாதா?” என்றார் முடிதிருத்தும் கடை வைத்திருந்த கணவர்.

“மேல டிராஃபிக்கே கிடையாதுங்க. படிக்கட்டுல தொங்கவும் ஆளு இல்ல.”

மதர்போர்டு, பெட்டி, விசிறி என்று ஒவ்வொன்றாய் வந்து சாப்பாட்டு மேசையை நிறைத்தன. இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். ராம் என்னும் நினைவக அட்டை மட்டும் பாக்கி. சங்கதி கேள்விப்பட்ட சக ஓட்டுநர் ஒருவர், “எங்கிட்ட ரெண்டு ராம் சும்மா கிடக்குது, வச்சுக்கோங்கக்கா” என்று ஆசையாய்க் கொண்டுவந்து தந்தார்.

ஞாயிறு காலை அக்கா அதில் ஒன்றை எடுத்து, மதர்போர்டில் அதற்கென்று இருந்த ஸ்லாட்டில் வைத்தார். உட்காரவில்லை. ராமின் அடியிலிருந்த வெட்டு ஓரிடம், ஸ்லாட்டின் தடுப்பு வேறிடம்.

“கொஞ்சம் அழுத்திப் பாரு. புது செருப்புகூட முதல்ல கடிக்கத்தான் செய்யும்” என்றார் கணவர்.

“செருப்பு கடிக்கும், இது உடைஞ்சிடும். கையை எடுங்க!”

இருவரும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். மதர்போர்டை விற்ற கடைக்காரப் பெண் ராமைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள்: “இது பழைய ரகம், டிடிஆர் நாலு. உங்க போர்டு புது ரகம், டிடிஆர் அஞ்சு. என்ன பண்ணினாலும் சேராதும்மா.”

“அப்ப ஜாதகமே பொருந்தலைன்னு சொல்லு” என்றார் அக்கா. அந்தப் பெண் சிரித்தபடியே, போர்டு கம்பெனி சோதித்துப் பார்த்த ராம்களின் பட்டியலைத் திரையில் திறந்தாள்.

கணவரின் கண் அதற்குள் கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது. வானவில் நிறத்தில் மின்னும் ராம்! “இதையே வாங்குவோம், கல்யாண வீடு மாதிரி இருக்கும்.”

அக்கா அதன் உயரத்தை விரலால் அளந்தார். வீட்டில் பூட்டியிருந்த விசிறி, ஸ்லாட்டின் மேல் குடை மாதிரி கவிழ்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. “இது தலை இடிக்கும். குட்டையா இருந்தா காட்டும்மா.” பட்டியலில் இருந்த குட்டை ராம்களில், இரண்டு சேர்ந்து ஒரே பெட்டியில் வருவதாகப் பார்த்து எடுத்தார்கள். வானவில்லைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார் கணவர்.

சக ஓட்டுநர் தந்த ராம் வீணாகவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரரின் பழைய கம்ப்யூட்டருக்கு அது கச்சிதமாய்ப் பொருந்த, அவர் சட்டை அளவே எடுக்காமல் ஒரு சட்டை தைத்துக்கொண்டு போய் அந்த ஓட்டுநருக்குக் கொடுத்தார். அதுவும் பொருந்தியது.

வீட்டில் புது ராம் இரண்டும் ‘டக்’கென்று உட்கார்ந்தன. அக்கா பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது, திரை கருப்பாகவே கிடந்தது.

“நான் அப்பவே சொன்னேன்…” என்று கணவர் வாயெடுத்தார்.

“நீங்க எதையுமே சொல்லல. பொறுங்க. முதல் தடவை போர்டும் ராமும் பழகிக்க நேரம் எடுக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு.”

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரை பளிச்சென்று விழித்தது. இரண்டு ராமின் அளவும் அதில் முழுசாய்த் தெரிந்தது. அக்கா கணவரின் கன்னத்தைக் கிள்ளி, அவரைப் பிடித்து மேசையைச் சுற்றி ஆட வைத்தார்.

அடுத்த ஞாயிறு விமானம் கிளம்பியது. “ஏறிடுச்சு! ஏறிடுச்சுங்க!” மேகம், மலை, நீல ஏரி எல்லாம் கீழே நகர்ந்தன. அக்காவின் கண் கலங்கிவிட்டது. இறங்கும்போதுதான் ஓடுபாதை தப்பி, விமானம் ஒரு சோளக்காட்டில் போய் நின்றது.

“ஸ்டாப்பிங்கைத் தாண்டி நிறுத்திட்டீங்களே, டிரைவரம்மா! நான் எப்படி இறங்குறது?” என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த கணவர்.

“டிக்கெட் எடுக்காதவருக்கு எங்க நிறுத்தினா என்ன?”

கணவர் தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “சரி, தள்ளு. இந்த டிரிப்பு நான் ஓட்டுறேன்.”