வைக்கோல் பொம்மையின் சட்டை

முக்கூடல் பக்கம், குடத்தைக் கவிழ்த்ததுபோல் மூலையே இல்லாத வீடு ஒன்றை ஆர்க்கிடெக்ட் வரைந்தபடி கட்டிக்கொண்டிருந்தோம். நான் சூப்பர்வைசர். வேடிக்கை பார்க்க ஊரே வந்தது. கண்பட்டுவிடும் என்று உச்சியில் வைக்கோல் பொம்மை கட்ட ஏற்பாடானது. கலவை சுமக்கும் அக்கா அதற்குச் சட்டை கொண்டுவந்தார். போன வருஷம் காய்ச்சலில் இறந்த அவர் மகனுடையது. கொத்தனார் தயங்கினார்.

“சும்மாதான கெடக்கு, போடுங்க அண்ணாச்சி.”

மெலிந்து கறுத்த அந்த மனுஷி, தூக்குச்சட்டியோடு தினமும் பொம்மைக்கு எதிரேதான் உட்காருவார். நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் முதல் வாய்.

வேலை முடிந்து பொம்மையை அவிழ்த்தோம். கீழே நின்ற அக்கா சொன்னார்: “பைய இறக்குங்கய்யா. அவனுக்கு ஒசரம்னா பயம்.”

இறக்கியதும் எரிப்பதுதான் வழக்கம். எல்லோரிடமும் தீப்பெட்டி இருந்தது. யாரும் எடுக்கவில்லை.