கோடு வரைக்கும் உப்புத் தண்ணீர்

பெரியாயிக்கு வாய் ஓயாது. இலங்கை மலையகத்தில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாக அடுப்பு அவள் பொறுப்பு. கஞ்சி காய்ச்ச வேண்டும், துணி அவிக்க வேண்டும், மருந்துக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஈர விறகு கொண்டுவந்தவனைத் திட்டுவாள், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் துப்பியவனைத் திட்டுவாள். "இந்தத் தோட்டத்துல ஒரு வேலைய ஒழுங்கா செய்ய ஒருத்தனுக்காவது துப்பிருக்கா?" என்பது அவளுடைய அன்றாடப் பாட்டு.

அவளுக்கு வாய்த்த மருந்துக்காரர் தர்மலிங்கம். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்கு அவர்தான் டாக்டர் ஐயா. 1921 வைகாசியில் லயத்தில் வாந்திபேதி கண்டபோது, வற்றிப்போன உடம்புக்கு நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றத் தொடங்கினார். ஒரு பொட்டலம் உப்பு, ஒரு போத்தல் தண்ணீர். போத்தலில் ஒரு கோடு கீறி வைத்திருந்தார்.

"சாதாரண உப்புத் தண்ணியவிட இது கொஞ்சம் கூடுதல் கரிப்பு, பெரியாயி. அப்பத்தான் ரத்தத்துல தண்ணி தங்கும். ஆனா அளவு தப்புச்சுன்னா மூளையில இருக்கிற தண்ணியையே உறிஞ்சிப்புடும். வலிப்பு வந்து ஆள் போயிடும்."

இவ்வளவு தெரிந்த மனுஷன், அளவென்றால் கோடு என்று மட்டும்தான் பிடித்துக்கொண்டார். ஒருநாள் போத்தலில் இரண்டு விரற்கடை குறைந்ததற்கு, நோயாளிகள் எல்லாருக்கும் முன்னால் அவளைப் பிடிபிடியென்று பிடித்தார்: "கோடு எங்க இருக்கு, தண்ணி எங்க இருக்கு? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" அதோடு விட்டாரா? அவள் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து ருசி பார்ப்பதையும் கண்டுபிடித்து, "எச்சில் வாய வைக்காதே" என்று தடுத்துவிட்டார். அவளும் வீம்புக்கு, "சரி, இனி இந்தக் கண்றாவிய நான் ஏன் பாக்குறேன்" என்று விட்டுவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு சட்டிகளில், சட்டிக்கு ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு பொட்டலம் உப்பும் வீதம் போட்டு அடுப்பில் ஏற்றினாள். வழக்கமாக அரை மணி நேரம் கொதித்தால் போதும். தர்மலிங்கம் சாக்கடைக் கான்களுக்குச் சுண்ணாம்பு போட வைக்கிறேன் என்று லயத்துப் பக்கம் போனவர், "நான் வர்ற வரைக்கும் சூடு ஆறக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். போன ஆள் வந்தால்தானே! உச்சிப்பொழுதும் ஆகிவிட்டது, சட்டிகள் அடுப்பிலேயே கிடந்தன.

ஒரு வழியாக அவர் ஓடிவந்தார். பின்னாலேயே முத்தையா, தன் பெண்டாட்டி வடிவம்மாவைக் கம்பளியில் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் கண் குழிக்குள் போயிருந்தது, நாடி பிடிபடவில்லை. "எங்க தண்ணி? சீக்கிரம்!" என்று தர்மலிங்கம் கத்தினார். பெரியாயி ஒரு சட்டியை வடித்துப் போத்தலில் ஊற்றினாள். பாதிதான் வந்தது. மறுபடியும் அந்தப் பொடனிப் பேச்சா? அடுத்த சட்டியையும் எடுத்து அதன்மேல் ஊற்றினாள். தண்ணீர் கச்சிதமாகக் கோட்டில் நின்றது. ஆற வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தர்மலிங்கம் கோட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார், ஏற்றினார்.

பெரியாயி சட்டி கழுவ உட்கார்ந்தாள். விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். உப்பு. அடியில் மிச்சம் இருந்த இரண்டு சொட்டையும் கரண்டியில் வழித்து ருசித்தாள். வாயில் வைக்க முடியவில்லை, அப்படியொரு கரிப்பு. வற்றிய குழம்பு கரிக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? அடுப்படியிலேயே பாதி ஆயுசைக் கழித்தவள்! வற்றியது தண்ணீர்தானே, உப்பு எங்கே போகும்? ஒரு போத்தலுக்குள் இரண்டு பொட்டலம்.

"அட பாவி சிறுக்கி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு கரண்டியோடு ஓடினாள்.

உள்ளே வடிவம்மா தலையைப் பிடித்துக்கொண்டு "தண்ணி, தண்ணி" என்று அனத்தினாள். வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. போத்தலில் கால்வாசி இறங்கியிருந்தது.

"நோய் முத்துது. இன்னும் வேகமா விடணும்" என்று தர்மலிங்கம் குழாய்ப் பூட்டில் கை வைத்தார்.

"மூடுங்கய்யா! மூடுங்க! ரெண்டு சட்டித் தண்ணிய நான்தான் ஒண்ணா ஊத்துனேன்!"

"என்ன உளர்ற? கோட்டு வரைக்கும்தானே இருக்கு?"

"கோடு உப்பக் காட்டுமாங்க? இந்தாங்க, நக்கிப் பாருங்க!"

அவர் முறைத்தார். அதற்குள் முத்தையா, "ஐயா, பாருங்கய்யா!" என்று கதறினான். அவர் கரண்டியை வாயில் வைத்தார். முகம் வெளிறிப்போனது. குழாயை நெரித்துப் பூட்டினார். "ஏன்டி இப்படிச் செஞ்ச?"

"நீங்க வைவீங்கன்னுதான்!" என்று பெரியாயி சீறினாள். சீறிய குரல் பாதியில் உடைந்துவிட்டது.

தர்மலிங்கம் அந்தப் போத்தலைக் கழற்றி வைத்தார். கொதித்து ஆறிய வெறும் தண்ணீரை அளந்து, கரிப்புக் குறைந்த உப்புத் தண்ணீரைத் தானே கலந்தார். ருசியும் பார்த்தார். சொட்டுச் சொட்டாக ஏற்றினார். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சில் நீர் கோக்கிறதா என்று காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியாயி பக்கத்தில் உட்கார்ந்து, வடிவம்மாவின் வாயில் கரண்டி கரண்டியாக வெந்நீர் விட்டாள். கை இழுப்பது மெல்ல நின்றது. சாயங்காலம் வடிவம்மாவுக்கு மூத்திரம் போனது. வாந்திபேதிக்காரருக்கு அதுதான் பிழைத்ததற்கு அடையாளம். பெரியாயி வாசலுக்கு ஓடி, "முத்தையா, ஒண்ணுக்குப் போயிட்டாடா!" என்று மலையே கேட்கக் கத்தினாள்.

மறுநாள் வேலை போய்விட்டது என்று எண்ணித்தான் வந்தாள். தர்மலிங்கம் ஒரு தனிக் கரண்டியை நீட்டினார். "ஏத்துறதுக்கு முன்னாடி இதுல கொஞ்சம் ஊத்தி நீ ருசி பாத்துச் சொல்லு."

"இத முந்தியே சொல்றதுக்கு என்னய்யா கேடு?" என்று கேட்டுக்கொண்டே பெரியாயி வாங்கிக்கொண்டாள்.

வடிவம்மா தேறி லயத்துக்குப் போகும் நாளில் பெரியாயியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பெரியாயி அவளிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டாள். "ஆள் தெரியாம கும்புடாத புள்ள. உன் சாவக் காய்ச்சுனதே நான்தான்."

அதன்பிறகு பெரியாயி வீட்டுக் குழம்பில் உப்பே இருக்காது. கையில் உப்பை எடுத்தால் விரல் திறக்காது. புருஷன் கத்தினான், மகள் முகம் சுளித்தாள், கேட்டவர்களிடமெல்லாம் அவள் சண்டைக்குப் போனாள். தீபாவளிக்குத் தீபாவளி வடிவம்மா வந்து உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் மட்டும் உப்பு கேட்டதே இல்லை.